இன்னும் கொஞ்சம் ஊறுகாய்

நூம்பல்
12.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

லாவண்யா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தம்பியும் ஸ்வாதியும் நானும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உத்தமன் அண்ணனுக்கு பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா? ஜபல்பூரில் மழை தொடங்கிவிட்டது என்று டிவியில் காட்டினார்கள்.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறீர்கள். தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததைப் பிரிக்காமல் தூக்கிப்போட உங்களுக்கு மனசு வராது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போஸ்ட் ஆபீசில் கவர் கேட்டபோது அங்கிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடும்ப குரூப்பை விட்டு நீங்கள் வெளியே போய்விட்டீர்கள். அன்று காலையில்தான் உங்கள் தம்பி எங்கள் பேண்டு பாடிய வீடியோவை அதில் போட்டிருந்தார். அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ஆபீசில் கேன்டீன் சாப்பாடு கனமாக இருந்தது என்கிறார். அக்கா என்றால் அவருக்கு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அடுக்குமாடியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருக்கிறோம். ஸ்கா என்று ஒரு இசை, ஜமைக்காவில் பிறந்தது, உட்கார்ந்திருப்பவரையும் எழுப்பிக் குதிக்க வைக்கும். பக்கத்து பிளாட் முகமது ஆசிக் கிடார். பூந்தமல்லியில் கல்யாண ஊர்வலங்களுக்கு ஊதும் கோதண்டம் அண்ணன் டிரம்பெட். நான் பாட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் பகலெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்த கண்ணுக்கு இது ஒரு விடுதலை. எங்கள் கல்யாண வீடியோவை ஒருநாள் ஆசிக்குக்குப் போட்டுக் காட்டினேன். சம்பந்தி பந்தியில் என் ஜெகதாம்பாள் அத்தை பாடிய கேலிப் பாட்டைக் கேட்டு அவர் துள்ளிக் குதித்தார். அப்படியே எடுத்து, வேகமாக்கி, டிரம்பெட் சேர்த்துவிட்டோம்.

எங்கள் மாங்காட்டுப் பக்கம் மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிட உட்காரவைத்துக் கேலி பாடுவது வழக்கம். மெட்டு பழையது, வரிகளை மட்டும் ஆளைப் பார்த்துக் கட்டுவார்கள். கேலி செய்யப்பட்டவர் தன் இலையிலிருந்து ஒரு இனிப்பை எடுத்துப் பாடுகிறவர் வாயில் ஊட்டினால் பாட்டு நின்றுவிடும். நீங்கள் அன்று லட்டை எடுத்து அத்தை வாயில் திணித்துவிட்டுச் சிரித்தீர்கள். வீடியோவில் இருக்கிறது. அதனால்தான் உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் பெயர் வருவதால் கோபமா அண்ணி? ஜனவரியில் ஆவடி மைதானத்தில் பொங்கல் விழாவில் பாட எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் சரி என்று சொல்லாமல் நான் அதை மேடையில் பாட மாட்டேன்.

உத்தமன் அண்ணனுக்கு என் வணக்கம். ஸ்வாதி அத்தைக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உங்கள்
லாவண்யா

*

ஜபல்பூர்
5.8.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். மழை நன்றாகப் பெய்கிறது, குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் ஓதம். முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது.

போனில் இடம் இல்லாததால்தான் குரூப்பிலிருந்து வெளியே வந்தேன். தம்பி கிருபாவை ஒழுங்காகச் சாப்பிடச் சொல்.

பாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. போதும். மற்றபடி உங்கள் விருப்பம்.

ஸ்வாதிக்கு மழையில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். வெந்நீர் கொடு.

இப்படிக்கு,
சாவித்திரி

*

நூம்பல்
20.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்கட்டும். ஸ்வாதிக்குச் சளி இல்லை, வாய் மட்டும்தான் அதிகம்.

உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். "சாவித்திரி சாவித்திரி" என்று வந்த இடத்தில் "சம்பந்தி சம்பந்தி" என்று வைத்திருக்கிறோம். இப்போது பாட்டு இப்படி இருக்கிறது:

*வாழ இல போட்டாங்க வரிசையா குந்தினாங்க*
*மாப்பிள்ளைக்கு அக்காக்காரி முன்பந்தி புடிச்சாங்க*
*பாயசம் வந்துச்சாம் பாக்கவே இல்லியாம்*
*வட சுட வந்துச்சாம் தொடவே இல்லியாம்*
*மாங்கா ஊறுகாய மட்டும் மறுபடி கேட்டாளாம்*
*சம்பந்தி சம்பந்தி, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்!*

கடைசி வரியைக் கூட்டமே சேர்ந்து கத்துகிறது. போன வாரம் சுதந்திர தினத்துக்கு எங்கள் அசோசியேஷனில் பாடினோம். எழுபது வயசு மாமா ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஆடினார். அத்தையையும் மாங்காட்டிலிருந்து கூட்டி வந்திருந்தேன். கேட்டுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இன்னாடி இது, நான் நடக்க உட்ட பாட்ட நீங்க ஓட உட்டுகினு கீறீங்க! கொயந்தய தொரத்துற மாரி கீது. ஆனா நல்லாத்தான் கீது, உடாத."

அவருக்கு ஸ்காவை விளக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கும்மியில் கை தட்டும்போது சத்தம் வருகிறது இல்லையா, இதில் கை பிரிந்திருக்கும் நேரத்தில் கிடார் விழும், சும்மா இருக்கிற இடம்தான் அதற்குத் துள்ளும் இடம் என்றேன். "அப்போ சும்மா கீற எடத்துலயும் ஒருத்தன் உக்காந்துகினு கீறான்னு சொல்லு" என்றார்.

அண்ணி, மனசில் இருப்பதைக் கேட்டுவிடுகிறேன், எனக்கு அடக்கி வைக்கத் தெரியாது. பெயரை எடுத்தாயிற்று. ஆனாலும் உங்கள் கோபம் பாட்டோடு தொடங்கியதில்லை. கல்யாணமான அடுத்த வாரம் ஆவடியில் உங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தோம், காய்ச்சல் என்று அறையை விட்டே நீங்கள் வெளியே வரவில்லை. அடுத்த வருஷம் ஜபல்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனீர்கள். என் வளைகாப்புக்கு நாத்தனார்தான் முதல் வளையல் போட வேண்டும். நீங்கள் கூரியரில் அனுப்பினீர்கள். என் வீட்டுப் பெண்கள் அன்று பேசிய பேச்சை நான் இன்னும் மறக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து நானே என் கையில் போட்டுக்கொண்டேன். அன்று எனக்கு எவ்வளவு அழுகை வந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான் உங்களுக்கு என்ன குறை வைத்தேன்? சொன்னால் திருத்திக்கொள்கிறேன். ஜனவரி 12-ஆம் தேதி ஆவடிக்கு வாருங்கள். உங்கள் தம்பிக்காகவாவது.

உங்கள்
லாவண்யா

*

நூம்பல்
6.10.2024

அன்புள்ள அக்கா,

நான் கிருபா. நலம், நலமறிய ஆவல். ஸ்கூலில் எழுதிய லீவ் லெட்டருக்குப் பிறகு கையால் கடிதம் இப்போதுதான் எழுதுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் மாமாவிடம் காட்டு, அவர் ஃபேக்டரியில் எத்தனையோ ஆபீசர் கையெழுத்தைப் படித்தவர்.

லாவண்யா உனக்குக் கடிதம் எழுதுவது எனக்குத் தெரியாது. ஜபல்பூர் பின்கோடு சரிதானா என்று கேட்டாள், அதில் மாட்டிக்கொண்டாள். ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை என்று தபால் பெட்டியைப் பார்த்துப் பார்த்து வருகிறாள். கொஞ்சம் காரமாக எழுதிவிட்டதாகச் சொன்னாள். அவள் வாய்தான் அப்படி அக்கா, மனசு தங்கம். எட்டு வருஷமாகக் கூடக் குடித்தனம் நடத்துகிறவன் சொல்கிறேன், நம்பு.

போன வாரம் மாமாவுக்குப் போன் போட்டேன். "அக்காவுக்கு எங்க மேல என்ன மாமா?" என்று கேட்டேன். "விட்றா கிருபா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மாமா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை.

அம்மா போன பிறகு எனக்கு இருந்தது நீதான். ஸ்கூல் பேண்டில் என்னை எடுக்கவில்லை என்று அழுதபோது நீதான் பி.டி. மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டாய். பாட்டு, பேண்டு எல்லாம் எனக்கு முக்கியம் இல்லை. வேண்டாம் என்றால் நாளைக்கே நிறுத்தச் சொல்கிறேன். நான் என்ன தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்.

மாமாவுக்கு அன்பு.

உன் தம்பி
கிருபா

*

ஜபல்பூர்
22.10.2024

அன்புள்ள தம்பி கிருபாவுக்கும் லாவண்யாவுக்கும்,

நாங்கள் நலம். தீபாவளி வாழ்த்துகள். ஸ்வாதிக்குப் பாவாடை சட்டை பார்சலில் வருகிறது. அளவு பெரிதாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளுங்கள், வளரும் பிள்ளை.

கிருபா, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. இனி இந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்காதே. அவரும் பாவம்.

லாவண்யா, நீ குறை வைக்கவில்லை. வளைகாப்புக்கு நான் வராதது தப்புதான். அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் அத்தை அன்று பந்தியில் எங்கே நின்றுகொண்டிருந்தார்? ஊறுகாயைப் பற்றிப் பாட அவருக்கு எப்படித் தோன்றியது? யாராவது அவரிடம் ஏதாவது சொன்னார்களா? இது கிருபாவுக்கு வேண்டாம், நீ மட்டும் கேட்டு எழுது.

பட்டாசு கொளுத்தும்போது ஸ்வாதிக்குப் பருத்தித் துணி போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
சாவித்திரி

*

நூம்பல்
10.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். பாவாடை கச்சிதமாக இருந்தது. தீபாவளி முழுக்க அதைக் கழற்றவே மாட்டேன் என்று ஒரே அடம்.

உங்கள் கடிதத்தை நான்தான் முதலில் பிரித்தேன். கிருபாவுக்கு எழுதிய பத்தியை மட்டும் படித்துக் காட்டினேன். "நீ ஒரு தப்பும் செய்யவில்லை" என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

நேற்று மாங்காட்டுக்குப் போய் அத்தையிடம் கேட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யாரு எங்கிட்ட இன்னா சொல்றது? நான்தான் சம்பந்தி பந்தில ஊறுகா வாளி தூக்கினு நின்னேன். பாயசம் வந்திச்சு, தள்ளிட்டா. வடை வந்திச்சு, தள்ளிட்டா. ஊறுகாய வச்சதும் அவ மூஞ்சிய பாக்கணுமே! நாலு நாளு பட்டினி கெடந்தவ மாரி துன்னா. இன்னும் கொஞ்சம் போடுங்கன்னா. அப்பால இன்னும் கொஞ்சம்னா. அவ்ளோ ஆசையா ஒருத்தி துன்னு நான் பாத்ததே இல்ல. எனக்கே சந்தோசமா பூட்ச்சு. அதாங் பாட்டுல கட்னேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் கையை நிறுத்திவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு எத்தினி கொயந்திங்க?" என்றார்.

இல்லை என்றேன்.

"அப்பவும் இல்லியா?"

"எப்பவும் இல்லத்தே."

அத்தை கீரையை முறத்தோடு கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கிளம்பும்போதுகூட வெளியே வரவில்லை. "உன் நாத்தனாருக்கு எழுதுனா, நான் கேட்டேன்னு எழுது" என்று உள்ளேயிருந்து சொன்னார்.

அண்ணி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னவென்று எனக்குப் பட்டது. அதை எழுதக் கை வரவில்லை. எனக்குப் பட்டது தப்பாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். சரியாக இருந்தால், ஆகஸ்டில் நான் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாவண்யா

*

ஜபல்பூர்
29.11.2024

அன்புள்ள லாவண்யா,

இங்கே குளிர் வந்துவிட்டது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் டியூட்டிக்குப் போயிருக்கிறார்.

உனக்குப் பட்டது சரி.

உங்கள் கல்யாணத்தன்று நான் கர்ப்பமாக இருந்தேன். எத்தனையோ வருஷம் காத்திருந்து, டாக்டர், கோயில், விரதம் எல்லாம் முடிந்து, இனி இல்லை என்று நாங்களே விட்டுவிட்ட பிறகு வந்தது. மூன்றாம் மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். அதோடு, தம்பி கல்யாணத்தில் பேச்சு என் பக்கம் திரும்பக் கூடாது என்றும் நினைத்தேன். கல்யாணம் முடியட்டும், விருந்துக்கு வரும்போது கிருபாவிடம் சொல்லி அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கு முன்னால் பல நாளாக எனக்கு எதுவுமே இறங்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கல்யாண வேலையில் யாரும் கவனிக்கவில்லை. அன்று பந்தியில் பாயசத்தின் வாசனை வந்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்போது உன் அத்தை இலை ஓரத்தில் மாங்காய் ஊறுகாயை வைத்தார். வாயில் வைத்தேன், இறங்கியது. எனக்குப் பசித்தது லாவண்யா. அத்தனை நாளுக்குப் பிறகு பசித்தது. வெட்கத்தை விட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்போதுதான் பாடத் தொடங்கினார். மண்டபமே சிரித்தது. எனக்கும் சந்தோஷம்தான். நான் ஊட்டிய லட்டு பொய்யாக ஊட்டியது இல்லை. இவர்கள் எல்லோருக்கும் அடுத்த வாரம் தெரிந்துவிடும், அப்போது இந்தப் பாட்டை நினைத்து இன்னும் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் எல்லாம் போய்விட்டது. நீங்கள் விருந்துக்கு வந்தபோது நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒருநாள்கூட ஆகவில்லை. கூடத்தில் நீயும் கிருபாவும் சிரிப்பது கேட்டது. அவர்தான் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார். அவர்தான் அன்று உங்களுக்குச் சமைத்தார்.

என் பைத்தியக்கார மனசு காரணம் தேடியது. நிறைந்த சபையில் சாப்பிட்டதைச் சொல்லிப் பாடினார்களே, அந்தக் கண்தான் பட்டது என்று பிடித்துக்கொண்டேன். உன் அத்தையை அவ்வளவு வெறுத்தேன். உன்னையும்தான். அப்படி எல்லாம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு யாரையாவது வெறுக்க வேண்டியிருந்தது. உன் வளைகாப்புக்கு வளையல் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் வந்தது. ஏற முடியவில்லை. என் கை பட்டு உனக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

கிருபாவிடம் சொல்லாதே. குழந்தைக்கு முன்னால் அழுவான்.

அத்தையிடம், கடிதம் வந்தது என்று மட்டும் சொல்.

சாவித்திரி

*

நூம்பல்
9.12.2024

என் அன்பான அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா? குளிரில் முழங்கால் என்ன சொல்கிறது?

உங்கள் கடிதத்தை ஆபீஸ் போகும் வழியில், வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் நின்று படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டேன். பக்கத்தில் நின்ற யாரென்றே தெரியாத ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை.

அடுத்த அறையில் நீங்கள் படுத்திருந்த அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அண்ணன் வைத்த சாம்பாரில் உப்பு இல்லை என்று கிருபாவின் காதில் சொல்லிச் சிரித்தேன். அதைத்தான் கேட்டிருப்பீர்கள். வளைகாப்பு விஷயத்தில் எத்தனை பேரிடம் உங்களைப் பற்றிக் குறை பேசியிருக்கிறேன் தெரியுமா? உங்கள் கை பட்டு எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது அண்ணி. உங்கள் கையால் போட்டிருந்தால் அந்த வளையல் எனக்கு இன்னும் அழகாக இருந்திருக்கும்.

கிருபாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டை மாற்றிவிட்டேன். ஊறுகாய் போய்விட்டது. "அப்பளம்தான் நொறுங்கிச்சாம், அடுத்த பந்தி கேட்டிச்சாம்" என்று வைத்திருக்கிறேன். காரணம் கேட்டார்கள். அந்த வரி எனக்குச் சரியாக உட்காரவில்லை என்றேன். ஆசிக்குக்கு என் மேல் பயங்கரக் கோபம். "ஊறுகா இல்லாம அந்தப் பாட்டுல இன்னா கீது? டயர்ல காத்த புடுங்கி உட்டியேம்மா" என்றார் கோதண்டம் அண்ணன். ஊதிக்கொண்டிருந்த டிரம்பெட்டைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மறுநாள் அவரே திரும்பி வந்துவிட்டார்.

அவர்கள் சொல்வது உண்மைதான், பாட்டு பாதியாகிவிட்டது. பரவாயில்லை. ஊர் முழுக்க உங்கள் துக்கத்தின் மேல் நான் குதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஜனவரியில் அப்பளத்தோடு பாடுகிறோம். பழைய வீடியோவையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். புதிய பாட்டை உத்தமன் அண்ணன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த வரியை என் வாயால் இனி பாட மாட்டேன்.

கடிதம் வந்ததை அத்தையிடம் சொன்னேன். காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். "இன்னான்னு வேண்டிகினீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணியும் கேக்கல. அவ பேர மட்டும் சொல்லிட்டு வந்தேன்" என்றார். குங்குமம் இந்தக் கவரில் இருக்கிறது.

என்றும் உங்கள்
லாவண்யா

*

ஜபல்பூர்
24.12.2024

அன்புள்ள லாவண்யாவுக்கு,

உன் கடிதமும் குங்குமமும் கிடைத்தன. நெற்றியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நலமாக இருக்கிறேன் என்று இந்தத் தடவை சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. ஸ்வாதிக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்திருக்கும். எப்படி எழுதினாள்?

அப்பளப் பாட்டைக் கேட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. குரூப்பை விட்டு வெளியே போவதற்கு முன்னால் உங்கள் பழைய பாட்டை என் போனில் இறக்கி வைத்துக்கொண்டேன். இடமில்லாத போன் என்று எழுதினேனே, அதில்தான். அவர் வேலைக்குப் போன பிறகு சமையலறையில் வைத்துக் கேட்பேன். முதலில் என்னை நானே வதைத்துக்கொள்ளத்தான் கேட்கிறேன் என்று நினைத்தேன். பாயசம் போகும், வடை போகும், பிறகு எல்லா வாத்தியமும் ஒரு கணம் நிற்கும். அந்த இடத்தில் எனக்கு மூச்சு நிற்கும். அதன் பிறகு நீ ஊறுகாய் வரியை எடுப்பாய். கொஞ்ச நாளில் பார்த்தால், அந்த வரிக்காகவே போடுகிறேன். ஒருநாள் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே என் கால் தாளம் போடுவதைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். எட்டு வருஷத்தில் அது முதல் தடவை.

இதையெல்லாம் நேற்று அவரிடம் சொன்னேன். உங்கள் பழைய பாட்டை அவருக்கும் போட்டுக் காட்டினேன். அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. பாட்டு முடிந்ததும் "இன்னொரு தடவ போடு" என்றார்.

லாவண்யா, அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆணா பெண்ணா என்று தெரியாது. போட்டோ இல்லை, ஒரு சொக்காய்கூட வாங்கவில்லை, முன்கூட்டி வாங்கக் கூடாது என்று இருந்துவிட்டோம். அது இந்த உலகத்தில் இருந்தது என்பதற்கு எங்களிடம் எதுவுமே இல்லை. ஒரே ஒருநாள் அதற்குப் பசித்தது. ஆசையாகச் சாப்பிட்டது. அதை உன் அத்தை ஒருவர்தான் பார்த்தார். என்னவென்று தெரியாமலேயே பார்த்து, சந்தோஷப்பட்டு, பாட்டாகக் கட்டிவைத்தார். நான் வெறுத்த அந்தப் பாட்டில் மட்டும்தான் என் பிள்ளை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு நீ அங்கே அப்பளத்தை வைத்திருக்கிறாய்.

ஊறுகாயைத் திரும்பப் போடு. என் பெயரையும் போடு, அம்மாவின் பெயர் இல்லாமல் அது தனியாக இருக்க வேண்டாம். பழைய வீடியோவை எடுத்திருந்தால் மறுபடி ஏற்றச் சொல். ஆசிக்கிடமும் கோதண்டம் அண்ணனிடமும் நான் சொன்னதாகச் சொல்.

நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. கிருபாவிடம் நானே நேரில் சொல்கிறேன். அழட்டும், நான் பக்கத்தில் இருப்பேன். உன் அத்தையை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வை.

பாட்டில் அந்த இடம் வரும்போது கூட்டமே "இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்" என்று கத்தும் என்று எழுதியிருந்தாய். குரலை அடக்காதே, தயங்காதே, நன்றாகக் கத்தவை. என் பிள்ளைக்காக ஒரு தடவையாவது ஊரே சேர்ந்து கேட்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணி
சாவித்திரி